ருக்மணி மாமியின் கார் ஒழுகவில்லை

செய்தி வியாழக்கிழமை காலை நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. தண்ணீர் லாரி பதினோரு மணிக்கு வரும் என்ற அறிவிப்புக்கும் யாரோ அனுப்பிய குட்மார்னிங் ரோஜாவுக்கும் நடுவில். "முதல் மாடி ருக்மணி மேடம் மாரடைப்பால் காலமானார். பந்தல் போட அவருடைய பழைய காரை நகர்த்த வேண்டும். தள்ள நாலு பேர் உடனே வரவும்." எழுதியவர் நம் செயலாளர். இறந்தவருக்கு ஒரு வரி, காருக்கு இரண்டு வரி. எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

மாமியை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூர் மாட வீதி நெரிசலில் ஆட்டோக்களையே ஒதுங்க வைத்து ஓட்டுவார். அந்த வெள்ளைக் கார் என்னைவிடப் பத்து வயது மூத்தது. எனக்குப் பதினேழு. லிஃப்ட்டில் எல்லாப் பட்டனையும் அழுத்திவிட்டு ஓடும் மூன்றாம் மாடிப் பெண் நான்தான்.

எட்டு மாதத்துக்கு முன்னால், வீட்டுக் காபி ஃபில்டரில் மிஞ்சிய பழைய டிகாக்‌ஷனை மாமியின் காருக்கு அடியில் ஊற்றினேன். பதறிப்போய்க் குனிந்து பார்ப்பார், சிரிக்கலாம் என்று. முதலில் பார்த்தவர் செயலாளர். "பழைய வண்டி, எண்ணெய் ஒழுகுது" என்று ஊரைக் கூட்டினார்.

மாமி விரலால் தொட்டு முகர்ந்தார். "இது எண்ணெயில்லை சார். டிகாக்‌ஷன். சிக்கரி ஜாஸ்தி."

"உங்க கார் காபி குடிக்குதா மாமி?" என்றார் செயலாளர்.

"சர்க்கரை இல்லாமலா அங்கிள்?" என்றேன் நான்.

எல்லோரும் சிரித்தீர்கள். நானும்தான்.

அன்று சாயங்காலம் மாமி என்னைப் படிக்கட்டில் மடக்கினார். "உங்காத்து சிக்கரி எனக்குத் தெரியாதாடி? நான் கோள் சொல்ல மாட்டேன். நீயே போய்ச் சொல்லிடு."

"நாளைக்குச் சொல்றேன் மாமி."

ஒழுகும் கார் இங்கே நிற்கக் கூடாது என்று மறுநாளே நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. எஞ்சினின் ஆயில் ஃபில்டர் ரப்பர் சரியாக உட்காராவிட்டால் எண்ணெய் ஒழுகும் என்று மெக்கானிக் சொன்னாராம். ஒருத்தரும் வாய் திறக்க முடியாதபடி சரியான ஃபில்டரைப் போட்டுவிடுவது என்று மாமி கிளம்பினார். "நீயும் வா. உன்னால வந்த வினை."

அண்ணா சாலைக்குப் பின்னாலிருக்கும் உதிரிபாகக் கடைகள். மாமியின் கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய பழைய ஃபில்டர். அதன் ரப்பர் வளையமும் அவர் இடது கை வளையலும் ஒரே அளவு. புது ஃபில்டர் எதைக் கொடுத்தாலும் வளையலைக் கழற்றி அதன்மேல் வைப்பார். அப்புறம் செல்போன் வெளிச்சத்தில் ஓட்டைக்குள் பார்ப்பார். வண்டி நின்றபின் எண்ணெய் திரும்ப இறங்கிவிடாமல் தடுக்கும் ரப்பர் மூடி உள்ளே இருக்க வேண்டும்.

"யம்மா, இந்த வண்டிக்கு ஃபில்டர் வர்றதே நின்னு போச்சு. இத்த மாட்டிக்கினு போ. சும்மா கரெக்டா ஏறும்" என்றார் கடைக்காரர்.

"ஏறினா போறுமா? தாம்பரம் போறவா திருவொற்றியூர் பஸ்லகூடத்தான் ஏறலாம்."

"இன்னாம்மா, பொண்ணு பாக்குற மாரி பாக்குற!"

"பொண்ணுன்னா வாயத் திறந்து வேண்டாம்னு சொல்லிடுவா. எஞ்சினுக்கு வாய் இல்லையே."

ஐந்தாவது கடையில்தான் கிடைத்தது. இரண்டு வாங்கினார். திரும்பும் வழியில் கேட்டார். "சொல்லிட்டியா?" "நாளைக்கு மாமி."

புது ஃபில்டர் போட்ட பிறகும் தரையில் கறை வந்தது. யாரும் குனிந்து பார்க்கவில்லை. பழைய கார் என்றால் ஒழுகும், அவ்வளவுதான். அந்தக் காரை வெளியேற்றத் தீர்மானம் எழுதி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நாள் குறித்தீர்கள். மாமி வியாழக்கிழமையே போய்விட்டார்.

காரைத் தள்ளியவர்களில் நானும் ஒருத்தி. அடியில் மாமி விரித்து வைத்திருந்த செய்தித்தாள் இருந்தது. அதில் ஒரு சொட்டு இல்லை. அதன் ஓரமாகக் கறுப்பாக ஓர் எண்ணெய்க் கோடு, பக்கத்து இடத்தில் நிற்கும் செயலாளரின் புதுக் காருக்கு அடியிலிருந்து சரிவில் இறங்கி வந்திருந்தது. ஆறு பேர் பார்த்தோம். "ஓ, அப்ப இது மாமியோடது இல்லையா?" என்றார் ஒருவர். அதன்மேலேயே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

பிறகு வரிசையாக வந்து "தங்கமான மனுஷி" என்றீர்கள். தங்கம் என்று உரசிப் பார்க்க உங்களுக்குச் சாவு வேண்டியிருந்தது. எனக்கும்தான்.

"மாமியைப் பத்தி அறிவிப்புப் பலகைக்கு நாலு வரி எழுதும்மா, குறும்பு வேண்டாம்" என்றார் செயலாளர். இதில் குறும்பு இல்லை அங்கிள். முதல் கறை நான் ஊற்றியது. மற்றவை உங்களுடையவை. ஞாயிற்றுக்கிழமை தீர்மானத்தை வாசிக்கும் முன் இதை உரக்க வாசியுங்கள். நான் முன்வரிசையில் இருப்பேன்.

காரின் முன்சீட்டில் அந்த இரண்டாவது ஃபில்டர் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது.

போய் வாருங்கள் மாமி. சொல்லிவிட்டேன். இன்றைக்கு.