சாம்பல் திடலில் செயின் வெட்டியவன்

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் எம்.கே.பி. நகருக்கு வாருங்கள்; நிலவன் வீட்டு ஆணியில் அந்த சைக்கிள் செயின் இன்னும் தொங்குகிறது. பேய் இருட்டில்தான் வரும் என்று எவன் சொன்னது? நிலவனுக்கு வந்தது உச்சி வெயிலில்.

நிலவனும் திலீப்பும் உயிர்த் தோஸ்துகள். ஞாயிறு தவறாமல் எண்ணூர்ப் பக்கம் மவுண்டன் சைக்கிள் ஓட்டுவார்கள். போன மே மாதம் திலீப்புக்கு மச்சான் துபாயிலிருந்து புது வண்டி கொண்டுவந்து கொடுத்தார். பன்னிரண்டு கியர். அன்றிலிருந்து நிலவனுக்கு வயிற்றெரிச்சல். ஏற்றம் வந்தால் அவன் பறக்கிறான். இவன் அவன் முதுகைப் பார்த்தபடி மூச்சு வாங்குகிறான். போதாததற்கு, "இன்னா மாமு, தள்ளிகினு வரியா?" என்று நக்கல் வேறு.

அந்த ஞாயிறு, காலை 11.20. தங்கபுஷ்பம் அக்கா டீக்கடை. திலீப் டீ வாங்கப் போனான். நிலவன் குனிந்தான். பின் கியர், சக்கரக் கம்பிக்குள் போய்விடாமல் தடுக்க ஒரு குட்டி ஸ்க்ரூ உண்டு. திலீப் வண்டியில் அதை இரண்டு சுற்று கழற்றிவிட்டான். செயின் கழன்று விழட்டும், இன்று ஒரு நாளாவது நான் முன்னால் போகிறேன்... அவ்வளவுதான் நினைத்தான், பாவி.

11.50. ஆற்றோரம், அனல் மின் நிலையச் சாம்பல் கொட்டிய திடல். சமதரை, திலீப் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. படக்! கிழிந்த மீன்வலை ஒன்று செயினில் சுற்றிக்கொண்டது. உடைந்தது நிலவனின் பின் கியர்.

திலீப் விழுந்து விழுந்து சிரித்தான். "இங்கியே இரு நைனா. பாலத்துக்கு அந்தாண்ட போயி குட்டி யானை வண்டி புடிச்சிகினு வரேன், ஏத்திகினு போலாம்."

பாலம். ஏற்றம். கண்டெய்னர் லாரிகள். அங்கே திலீப் கடைசிக் கியர் போட்டால், கியர் கம்பிக்குள் போய்ச் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அப்போதே சொல்லியிருக்கலாம். அந்தச் சிரிப்பு நெஞ்சை எரித்தது. நிலவன் சொல்லவில்லை.

12.04. காற்று நின்றது...

சாம்பல் கொண்டுவரும் பெரிய குழாய் மேல் ஒருவன் உட்கார்ந்திருந்தான். தலையில் சைக்கிள் ஹெல்மெட். கை முழுக்க கிரீஸ். அந்த வெயிலில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

"செயின வெட்டி சின்னதாக்குனா ஓடும்," என்றபடி இறங்கி வந்தான்.

உடைந்த கியரைக் கழற்றினான். செயினை வெட்டி, நடுப் பல்சக்கரத்தில் மாட்டினான். டக்... டக்...

அவன் வந்த வழியைப் பார்த்தான் நிலவன். சாம்பலில் கால்தடம் இல்லை.

"எத்தினி சுத்து கழட்ன?"

"...ரெண்டு."

"நான் ஒண்ணுதான் கழட்டுனேன்."

செயின் வெட்டியவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வை நிலவனுக்குத் தெரியும். திலீப் வண்டியை இவன் பார்க்கிற அதே பார்வை. பொறாமை.

"உன் தோஸ்து இன்னும் உசுரோட கீறான்..."

12.11. நிலவன் போன் போட்டான். திலீப் லைன் பிஸி. மிதித்தான்.

பின்னால் ஒரு சைக்கிள்... கிர்ர்... கிர்ர்...

திரும்பவில்லை.

அதோ பாலம்... திலீப் போனைப் பையில் போட்டு ஏறுகிறான்...

"டேய்! கியர் போடாத! போடாத!"

திலீப் கால் ஊன்றினான்.

டிரெய்லர் ஒன்று உரசிக்கொண்டு போனது.

கிர்ர் சத்தம் நின்றது. பின்னால் யாருமில்லை.

நிலவன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். திலீப் விட்டான் ஓர் அறை. பிறகு அவனே ஸ்க்ரூவை முடுக்கினான்.

சாயங்காலம் மெக்கானிக் பஷீர் பாய் செயினைக் கையில் எடுத்ததும் முகம் சுளித்தார். "இந்த ஜாயிண்டு துருவேறி வருசக் கணக்காச்சு. மடங்கவே மாட்டேங்குது. இதுல எப்படிடா ஓட்டிகினு வந்த?"

மறுநாள் இருவரும் குழாய் மேல் இருந்தவனைப் பற்றித் தங்கபுஷ்பம் அக்காவிடம் கேட்டார்கள்.

"ஏழு வருசம் இருக்கும் தம்பி. உங்கள மாதிரியே ரெண்டு பையனுவ. ஒருத்தன் வண்டி பாலத்துல சக்கரம் பூட்டி, லாரிக்கு அடியில போயிட்டான். அடுத்த வாரம் மத்தவன் அந்தக் குழாய் மேல உக்காந்தபடியே செத்துக் கெடந்தான். நட்ட நடு மத்தியானம். கூட்டாளி போன ஏக்கம்னு எல்லாரும் அழுதோம்."

அக்கா டீயை ஆற்றினார்.

"கையில மட்டும் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர இறுக்கிப் புடிச்சிருந்தான். பிரிக்கவே முடியல. அது எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது."