சித்தப்பா அழுத்திய கட்டைவிரல்

1968ஆம் வருஷம் பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, மாலை மூன்று மணி ஐம்பது நிமிடம். மயிலாப்பூரில் இலை அசையாத புழுக்கம். கடற்காற்று இன்னும் கிளம்பவில்லை. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் அக்காவைப் பெண் பார்த்துப் பேசி முடித்துவிட வேண்டும் என்று அப்பா வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். பி.எஸ்ஸி. கடைசி வருஷத்தில் இருந்த அக்கா, மேலே படிக்கிறேன் என்று சொல்லிப் பார்த்து அலுத்துப் போயிருந்தாள். பத்து வயதான எனக்கு வேறு கவலை. வந்தவர்கள் சாப்பிட்ட பிறகுதான் கேசரியில் கை வைக்கலாம் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

வீட்டில் எல்லோரும் பயந்தது சித்தப்பாவை நினைத்துத்தான். அவர் மருத்துவக் கல்லூரியில் கவுட் நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். ரத்தத்தில் யூரிக் அமிலம் மிஞ்சினால் அது பொடிப் படிகங்களாக மூட்டில் இறங்கும். பெரும்பாலும் கால் கட்டைவிரலைத்தான் முதலில் பிடிக்கும். ஆகவே யாரைப் பார்த்தாலும் சித்தப்பா காலிலிருந்துதான் பார்க்கத் தொடங்குவார். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் அவர் கட்டுரை வந்திருந்தது. அதற்காக எங்கள் வீட்டார் அத்தனை பேரின் சிறுநீரும் கண்ணாடிக் குடுவைகளில் ரிக்‌ஷா ஏறிக் கல்லூரிக்குப் போனது. கட்டுரையை டைப் அடித்துக் கொடுத்தவள் அக்கா.

கொல்லைப்புறக் குடுவைகளை அன்று ஒரு நாளாவது மறைக்கச் சொல்லி அம்மா கெஞ்சினாள். அக்காவும் சித்தப்பாவும் கோணியைப் போட்டு மூடினார்கள். பிறகு கிணற்றடியில் நின்று ஏதோ பேசினார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள். குடுவை விஷயமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளை வீட்டார் நாலு மணிக்கு வந்தார்கள். பிள்ளையின் அப்பா வலது காலை மெல்ல வைத்து நடந்து வந்து நாற்காலியில் அமர்ந்தார். கட்டைவிரல் பழுத்த மிளகாய் நிறத்தில் இருந்தது. சித்தப்பாவின் கண் அதில் விழுந்ததைப் பார்த்து அம்மா முகம் வெளுத்தாள்.

"பெரியவாளுக்கு ஒரு நமஸ்காரம்" என்று சித்தப்பா சட்டென்று அவர் காலில் விழுந்தார். எதிர்பாராத மரியாதையில் மனிதர் நெகிழ்ந்துபோனார். "தீர்க்காயுசா..." என்று கையை உயர்த்தியபோது சித்தப்பா அந்த விரலைப் பிடித்து அழுத்தினார். ஆசீர்வாதம் அலறலாக முடிந்தது.

சித்தப்பா அசையவில்லை. "மாமா, யூரிக் ஆசிட் பார்த்துண்டேளா? இது பரம்பரையா வரது. பிள்ளையாண்டானுக்கும் ஒரு டெஸ்ட் பண்ணிடலாமே. கொல்லையில பாட்டில் தயாரா இருக்கு."

"பொண்ணு பார்க்க வந்தோமா, ஆஸ்பத்திரிக்கு வந்தோமா?" என்றபடி பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டாள். ராகு காலம் பிறந்து இரண்டு நிமிடத்தில் அவர்கள் வண்டி தெருமுனையைத் தாண்டியது. அக்கா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க உள்ளே ஓடினாள். "குழந்தை வாழ்க்கையில மண்ணைப் போட்டுட்டியேடா" என்று அப்பா சித்தப்பாவிடம் கத்தினார். அதே கோபத்தில், அந்தப் பலகாரம் இந்த ஆத்துல ஒரு நிமிஷம் இருக்கப்படாது என்று, கேசரியை எதிர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். படித்தும் இங்கிதம் தெரியாத சித்தப்பாவை நான் பல வருஷம் மன்னிக்கவில்லை.

போன மாதம் என் வலது கால் கட்டைவிரல் வீங்கியது. மின்விசிறிக் காற்று பட்டாலே உயிர் போகிறது. அடையாறு டாக்டர் நாலு நிமிடம் பார்த்துவிட்டு ஏழு மாத்திரை எழுதினார். மருமகள் தன் பங்குக்கு சாம்பாரை நிறுத்திவிட்டாள். பருப்பில் உண்மையிலேயே அவ்வளவு குற்றம் இருக்கிறதா என்று பார்க்க, சித்தப்பாவின் கட்டுரையைப் பேரனை விட்டு இணையத்தில் தேடச் சொன்னேன்.

"முதல் பாரா மட்டும்தான் ஃப்ரீ தாத்தா. மீதிக்கு டாலர் கேக்கறான்."

சொந்தச் சித்தப்பா எழுதியது. அதில் என் சிறுநீரும் இருக்கிறது. வேறு வழியில்லாமல் கட்டினேன். பருப்பைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. மூன்றாம் பக்கத்தில் வேறொன்று இருந்தது: வீங்கிய விரலைப் பரிசோதிப்பவர் அதைத் தொடவே தேவையில்லை, கண்ணால் பார்த்தாலே போதும், துணி பட்டால்கூட நோயாளி தாங்கமாட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டு மாதம் முன்பே அச்சானது.

கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்று வேளச்சேரியில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்து அந்த வரியைப் படித்துக் காட்டினேன்.

"அதை டைப் அடிச்சவளுக்கே படிச்சுக் காட்டறியா?" என்றாள். "பாவம், அந்த மாமா நன்னா கத்தினார். நீதான் கேசரி போச்சேன்னு மூணு நாள் அழுதே. கூடத்துல நான் ஒரு பொட்டுக்கூட அழலைடா."

இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு போன் போதும். எனக்கு ஆன செலவு, வரியும் வங்கிக் கட்டணமும் சேர்த்து, மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.