காய்ந்த கடலைக்குக் காவல்

பயிர் அறுவடைச் சோதனை என்று எங்கள் வேலைக்குப் பெயர்: சீட்டுப் போடுவதுபோல எண் எடுத்து ஒரு நிலத்தைப் பிடிப்போம், அதில் ஓரிடத்தில் முளையடித்துக் கயிறு கட்டுவோம், கயிற்றுக்குள் இருப்பதை மட்டும் பிடுங்கி அடித்து எடை போட்டுவிட்டு, ஊரே இவ்வளவு விளைந்தது என்று மேலே சொல்லிவிடுவோம். தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் காடுகளில் கொண்டைக்கடலைக்குக் கயிறு கட்டியவன் நான். ஒரு பிடியை வைத்து உங்களையும் யாராவது மொத்தமாக எடை போட்டிருப்பார்கள். அதனால் நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

உடைமரத்து மூலை

பசுவந்தனைப் பக்கம் சுப்பையா என்றொரு சம்சாரி; விவசாயியை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவர் நிலம் சீட்டில் விழுந்திருக்கிறது என்று தெரிந்ததும் வீட்டில் காப்பி, கடம்பூர் போளி எல்லாம் தயார். சாப்பிட்டு முடித்ததும் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் காட்டின் நடுவுக்கு அழைத்துப் போனார். கடலை அங்கே காய் பிடித்து நின்றது. "இங்கன கட்டுங்க சார்" என்றார். எங்கே கட்டுவது என்பது என் கையிலா இருக்கிறது? எண் சொன்னபடி நடந்தேன். அது கொண்டுபோய் விட்ட இடம் மேற்கு ஓரத்து உடைமரத்தடி. நாலைந்து செடிகள் சோகை பிடித்து நின்றன.

மனுஷன் முகம் சுண்டிவிட்டது. நல்ல விளைச்சலைக் காட்டினால் அவருக்கு ஒரு லாபமும் கிடையாது. ஆனாலும் வீடு தேடி வந்தவனுக்கு நல்லதைக் காட்டத்தானே மனசு வரும். நான் முளையடித்து முடித்ததும் சொன்னார்: "பொண்ணு பாக்க வந்தவிய, அடுப்படிக் கரியப் பாத்துட்டு எந்திரிச்சுப் போற மாதிரி இருக்கு சார்."

எரிச்சல்

விளாத்திகுளம் போகிற வழியில் ஒரு கிராமம். அங்கே வேலம்மாள் என்ற அம்மா, கணவர் போன பிறகு, தன் காட்டைத் தானே பாடுபட்டு வந்தார். ஒரு மார்கழிக் காலையில் அவர் கடலைக்குள் இறங்கி நடந்தேன். கடலைச் செடியில் இறங்கும் பனி புளிக்கும். காலில் வெடிப்பு இருந்தால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரியும். எனக்கு இரண்டு காலிலும் வெடிப்பு. குதித்துக்கொண்டு வரப்பில் ஏறினேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. கணுக்காலெல்லாம் புண்ணோடு தினமும் அதற்குள் களை எடுக்கிறவர் அவர். தான் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை என் காலில் ஊற்றிவிட்டுச் சொன்னார்: "எரியுதேன்னு வெரசாப் போயிராதீங்க சார், எரிஞ்சாத்தான் செடியில உசுரு இருக்குன்னு அர்த்தம்."

ஏறுமுகம்

ஒரு வருஷம் பயிற்சி என்று கோயம்புத்தூருக்கு அழைத்தார்கள். ஆசியா முழுவதிலும் பல பத்தாண்டுகளாகக் கொண்டைக்கடலை எப்படி விளைந்து வந்திருக்கிறது என்பதைத் திரையில் ஒரே கோடாகக் காட்டினார்கள். அங்கங்கே தொங்கியது, பிறகு தலை தூக்கியது, மொத்தத்தில் ஏறுமுகம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், நானும் கை தட்டினேன். ஆனால் நான் பிடுங்கிய செடிகளும் அதில்தானே இருக்க வேண்டும் என்று ஒரு நப்பாசை. கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அலுவலக நண்பர் ஜெபராஜ் என் காதருகே குனிந்தார்: "ரொம்பத் தேடாதீங்க அண்ணாச்சி, நம்ம ஊரு அந்தக் கோட்டோட தடிமனுக்குள்ள கெடக்கு."

ஆடு நின்ற வரப்பு

விதைப்போடு மழை நின்றுபோன வருஷம் அது. கரிசல் பாளம் பாளமாக வெடித்து, கடலை பூக்கும் முன்பே காய்ந்துபோனது. பயிர்க் காப்பீட்டில் தனியொருவர் நஷ்டத்தைப் பார்க்கமாட்டார்கள். நாங்கள் கயிறு கட்டி எடுக்கிற எடைகளின் சராசரி குறைந்தால்தான் வட்டாரத்துக்கே நிவாரணம். சோதனை நாளில், சீட்டில் விழுந்த நிலத்தில் பயிர் நிற்க வேண்டும், காய்ந்த பயிரானாலும் சரி. பயிர் இல்லையென்றால் வேறு நிலத்துக்குப் போய்விடுவோம். விழுந்தது வேலம்மாள் காடு. அதை விட்டால் அடுத்தது ஓடைக்கரையில் ஈரம் பிடித்துத் தப்பித்த ஒரு பெரிய நிலம். கயிறு அங்கே போனால் சராசரி ஏறும், ஊர் வாயில் மண் விழும்.

காய்ந்த பயிரை ஆட்டுக்கு விடுவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். எலும்பு தெரிகிற ஆடுகளோடு, ஆடு மேய்க்கிற மாடசாமி தினமும் வரப்பில் வந்து நின்று கேட்டிருக்கிறார். அவர் வேற்றாள் இல்லை. வேலம்மாள் காட்டில் வருஷா வருஷம் ஆட்டுக்கிடை போட்டு உரம் சேர்ப்பவர். ஆனாலும் அந்த அம்மா விடவில்லை. தன் சொந்த ஆடுகளையும் வீட்டில் கட்டிப்போட்டுவிட்டு, கையில் கம்போடு அந்தச் சருகுக்குக் காவல் இருந்தார். கட்டிப்போட்டதில் ஒன்று தீனியில்லாமல் செத்தும் போயிற்று. காய்ந்த காட்டுக்குக் காவலா என்று பக்கத்து ஊரில் கேலி பேசினார்கள்.

நான் போன அன்று ஊரே காட்டில் நின்றது. கயிறு கட்டினேன், பிடுங்கினேன், சாக்கில் போட்டு அடித்தேன். புடைத்தபோது தூசிதான் பறந்தது. மிஞ்சியதைத் தராசில் வைத்தேன்.

"முள்ளு அசையலைல்லா சார்?" என்றார் வேலம்மாள்.

"இல்லம்மா" என்று சொல்லி, பூஜ்யம் என்று எழுதினேன்.

ஒன்றும் விளையவில்லை என்பதைக் கேட்டு ஒரு கூட்டம் நிம்மதியாக மூச்சு விட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வேலம்மாள் கம்பைக் கீழே போட்டுவிட்டு, வரப்பில் ஆடுகளோடு நின்ற மாடசாமியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "பத்திக்கிட்டு வாங்க அண்ணாச்சி, எங்க காடு செத்தத எழுதியாச்சு."

நிவாரணம் அடுத்த விதைப்புக்குக் கொஞ்சம் முன்னால் வந்து சேர்ந்தது. விளைச்சலைச் சொல்லியே சம்பளம் வாங்கிய என் உத்தியோகத்தில், ஊருக்குச் சோறு போட்ட எண் அந்தப் பூஜ்யம் ஒன்றுதான்.