சன்னதித் தெருவுக்கு ஒரு சைபர்

ரெபேக்காளுக்குக் கோபம் வந்தால் முதலில் பேச்சு நின்றுபோகும். அப்புறம் கணக்கு மிஷினின் கைப்பிடியைச் சுற்றும் வேகம் கூடும். செங்கல்பட்டு ஏரிக்கரைப் பக்கத்தில் இருந்த அந்தத் தொழுநோய் சர்வே ஆபீசில், கடகடவென்று சத்தம் கேட்டால் போதும், பியூன் முதல் டாக்டர் வரை தலையைக் குனிந்துகொண்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். ஐம்பத்தாறாம் வருஷம் மார்ச் மாதம் அந்த மிஷின் பட்ட பாட்டை யாராலும் சொல்லி முடிக்க முடியாது.

அவளுடைய அப்பா ஏசுபாதம் யாரோ ஒருவர் நிலத்தில் ஏர் ஓட்டியே முதுகு வளைந்தவர். மகள் மிஷன் பள்ளியில் படித்தாள், இண்டர்மீடியட் தேறினாள், மதராஸுக்குப் போய் ஆறு மாதம் ஸ்டாடிஸ்டிக்ஸ் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தாள். சராசரி, சதவீதம், கை-ஸ்கொயர் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. சர்வே ஆட்கள் ஊர் ஊராகப் போய்த் தேமல் இருக்கிறதா, தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொண்டு வருவார்கள். அதையெல்லாம் கூட்டிப் பெருக்கி அட்டவணை போடுவது இவள் வேலை. வந்ததை வந்தபடி கூட்டிக் கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. கூட்டுவதற்கு முன்னால் இது எப்படி வந்தது என்று கேட்கிற கெட்ட பழக்கம் அவளுக்கு உண்டு.

அந்த மாதம் அரியநல்லூர் கணக்கு வந்தது. திருக்கழுக்குன்றத்திலிருந்து கடற்கரைக்குப் போகிற வழியில், சவுக்குத் தோப்பை ஒட்டிய ஊர். பெருமாள் கோயில், கோயிலைச் சுற்றிச் சன்னதித் தெரு, தோப்புக்கு அந்தண்டை சேரி. சேரியில் பார்த்தவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு நோய். சன்னதித் தெருவில் இருநூற்றுச் சொச்சம் பேரைப் பார்த்ததாக எழுதியிருந்தது. நோய், சைபர். ஒருத்தருக்குக்கூட இல்லையாம்!

டாக்டர் ராஜகோபாலனுக்கு ஏக சந்தோஷம். நல்ல மனுஷர்தான், ஆனால் பெரிய வித்தியாசம் ஒன்று அட்டவணையில் தெரிந்துவிட்டால் குழந்தை மாதிரி ஆகிவிடுவார். "கை-ஸ்கொயர் போட்டுப் பார் ரெபேக்கா" என்றார். போட்டாள். இவ்வளவு பெரிய வித்தியாசம் தற்செயலாக வருவதற்கு ஆயிரத்தில் ஒரு பங்குகூட வாய்ப்பில்லை என்று வந்தது. "பாத்தியா, தற்செயல் இல்லே!" என்று டாக்டர் கையைத் தேய்த்துக்கொண்டார்.

தற்செயல் இல்லைதான். அதை யார் மறுத்தார்கள்? ஆனால் தற்செயல் இல்லை என்றால் உண்மை என்று ஆகிவிடுமா? தராசில் ஒரு தட்டுக்கு அடியில் புளியை ஒட்டிவைத்து நிறுத்தாலும் வித்தியாசம் வரும், அதுவும் தற்செயலாக வருவதில்லை. ரெபேக்காள் அந்தச் சைபரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நோயில்லாத தெரு இருக்கலாம். ஆனால் அதே காற்று, அதே தண்ணீர், அறுவடைக் காலத்தில் ஒரே களத்தில் நெருக்கியடிக்கிற ஜனம். இப்படித் துடைத்துவைத்த மாதிரி ஒரு சைபர் வந்தால் சந்தேகம் வரவேண்டாமா?

இதோடு நின்றிருந்தால்கூட அது ஆபீஸ் சண்டையாகப் போயிருக்கும். சேதி எப்படியோ அரியநல்லூருக்குப் போய்விட்டது. ஊரில் ஒரு ஜில்லா போர்டு ஸ்கூல். கோயில் பக்கத்து மண்டபத்தில்தான் வகுப்பு. மூன்று வருஷமாகத்தான் சேரிப் பிள்ளைகளும் அங்கே வந்து உட்காருகிறார்கள். சட்டத்துக்குப் பயந்து சேர்த்துக்கொண்டார்களே தவிர, சன்னதித் தெருவுக்கு அது தொண்டையில் சிக்கிய முள்தான். சைபர் வந்ததும் முள் எடுக்க இடுக்கி கிடைத்துவிட்டது. பள்ளிக் கமிட்டித் தலைவர் தேசிகன் போர்டுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். எங்கள் தெருவில் வியாதி இல்லை, சேரியில் இருக்கிறது, சர்க்கார் டாக்டரே கண்டுபிடித்திருக்கிறார், குழந்தைகள் க்ஷேமத்தை உத்தேசித்து அவர்களைத் தனியாக வைக்கவேண்டும் என்று. ஜாதி என்ற வார்த்தை ஒரு இடத்தில்கூட இல்லை. எவ்வளவு சுத்தமான கடுதாசி! முடிவு வருகிறவரை சேரிப் பிள்ளைகள் வரவேண்டாம் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். நாற்பது பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்தார்கள். வெள்ளிக்கிழமை போர்டு கூடுகிறது. அதற்கு முன்னால் டாக்டர் அட்டவணையில் கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும்.

ரெபேக்காள் நேராகப் போய், அரியநல்லூரைப் பார்த்துவிட்டு வந்த சர்வே இன்ஸ்பெக்டர் ஸ்ரீனிவாசராகவன் முன்னால் நின்றாள்.

"சார், சன்னதித் தெருவுல எப்படிப் பாத்தீங்க?"

"எல்லா இடத்திலேயும் பாக்கற மாதிரிதான்."

"சேரியில சட்டையைக் கழட்டி, முதுகு, தொடை எல்லாம் வெளிச்சத்துல பாத்தீங்க. பொம்பளைங்களை நர்ஸ் வச்சுப் பாத்தீங்க. தெருவுல?"

அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். "இதென்னம்மா கேள்வி? மடியா இருக்கிற மனுஷா. சமையக்கட்டு வரைக்கும் போய் உடம்பைக் காட்டுன்னு சொல்ல முடியுமா? வாசல்ல நின்னு ஆத்துல யாருக்காவது ஏதாவது உண்டான்னு கேட்டேன். பெருமாள் கிருபையிலே ஒண்ணும் இல்லேன்னா. எழுதிண்டு வந்தேன்."

"அப்போ கேட்டீங்க. பாக்கல."

"பெரிய மனுஷா சொன்னா போதாதா?"

ரெபேக்காளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. சேரிக்காரன் சொன்னால் போதாது, கோவணத்தோடு வெயிலில் நிற்கவேண்டும். இவர்கள் வாசலில் நின்று தலையை ஆட்டினால் அது பரிசோதனை! கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டில் யார்தான் உண்டு என்று சொல்வார்கள்? அதே காகிதத்தோடு டாக்டர் அறைக்குள் போனாள்.

"சார், இது அநியாயம் சார். பாத்துட்டு இல்லேன்னா அது சைபர். பாக்காமயே இல்லேன்னா அது இன்னா சார்? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டுக் கழிச்சா நமக்கு மூளை கீதான்னு கேக்க மாட்டாங்க?"

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்தபிறகு என்ன செய்வது என்பதில்தான் அவருக்குத் தகராறு. "இன்ஸ்பெக்டர் பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கார், ரெபேக்கா. உன் சந்தேகத்தை நான் அட்டவணையில ஏத்த முடியாது. அந்தத் தெருவுல ஒரே ஒரு கேஸ் காட்டு. சைபர் பொய்ன்னு ஆயிடும். நானே நின்னு தெரு முழுக்க மறுபடி பார்க்கச் சொல்றேன். வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் கையெழுத்துப் போடாம வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது."

ஒரே ஒரு கேஸ்! தெருவில் எந்த வாசற்படியையும் அவள் மிதிக்க முடியாது என்று தெரிந்துதான் சொன்னாரோ என்னவோ.

செவ்வாய்க்கிழமை அரியநல்லூர் சேரியில் மருந்து கொடுக்கிற நாள். நோய் இருக்கிற இடத்துக்குத்தான் மருந்து ஒதுக்குவார்கள் என்பதால் கொட்டகை சேரியில்தான் போட்டிருந்தது. ரெபேக்காள் கம்பவுண்டரோடு ஜீப்பில் ஏறிக்கொண்டு போனாள். என்ன கிடைக்கும் என்று தெரியாது. கொட்டகையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள் ஆராயி. அவளுடைய பெண் பாப்பா ஓரமாகக் குத்துக்காலிட்டு மணலில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தது. ஸ்கூல் இல்லாத பிள்ளை.

ரெபேக்காள் வரிசையில் நின்றவர்களைப் பார்த்தாள். "ஏம்மா ஆராயி, இவங்க எல்லாரும் இந்த ஊருதானா?"

"ஊருதான். ஆனா எல்லாரும் எங்காளுங்க இல்ல." ஆராயி விளக்குமாற்றை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அந்தண்ட தோப்புல சன்னதித் தெரு வண்டி நிக்குது பாரு. வேலைக்காரன் இங்க வந்து மாத்திரை வாங்கிகினு பூடுவான். யாருக்குன்னு கேட்டா சேரின்னுதான் எழுதிக்கிறாங்க. பத்துப் பேராச்சும் அப்படி. நாங்க இன்னா சொல்ல முடியும்? அவங்க நிலத்துல தானே கூலிக்குப் போறோம்."

தெருவின் நோயைப் பார்க்காமல் விட்டார்கள் என்றுதான் ரெபேக்காள் இதுவரை நினைத்திருந்தாள். அதுமட்டுமா? பார்க்காமல் விட்டதைக் கொண்டுவந்து சேரியின் தலையிலேயே ஏற்றியிருக்கிறார்கள்! மருந்து நோட்டில் சேரி என்று எழுதினவர்களையும் சேரிக் கணக்கில்தான் கூட்டுவார்கள்; அது ஆறு வரை ஏறினது எப்படி என்று இப்போது தெரிந்தது. சன்னதித் தெருக்காரன் நோயையும் சேரிக்காரன் சுமக்கிறான், அதைக் காட்டியே அவன் பிள்ளையை மண்டபத்தை விட்டு வெளியே தள்ளுகிறார்கள். அடப்பாவிகளா! உப்புப் போட்டுத்தான் சாப்பிடுகிறார்களா?

அப்போது தோப்பு நிழலிலிருந்து ஒருவர் நடந்து வந்தார். பஞ்சகச்சம், நெற்றியில் பளிச்சென்று திருமண், கையைப் பிடித்துக்கொண்டு அவருடைய பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண். வரிசையில் நின்றவர்கள் தாமாகவே விலகி வழிவிட்டார்கள். விண்ணப்பம் எழுதின தேசிகன்தான். வேலைக்காரன் வாங்கிப்போகிற மாத்திரை பலிக்குமா பலிக்காதா என்ற பயத்தில் நேரிலேயே வந்துவிட்டார் போலிருக்கிறது.

கம்பவுண்டர் அந்தப் பெண்ணின் தோளை விலக்கிப் பார்த்தார். வெளிறின தேமல். கோழி இறகால் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டிருந்த குழந்தைக்குத் தெரியவில்லை. இரண்டாம் முறை தொட்டார். தெரியவில்லை. ரெபேக்காளே குனிந்து மாத்திரையை எண்ணிக் காகிதத்தில் மடித்துக் குழந்தையின் கையில் வைத்தாள், எப்படிச் சாப்பிடவேண்டும் என்று சொன்னாள். அந்தக் குழந்தை என்ன தப்புச் செய்தது? அப்புறம்தான் மருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்தாள்.

"எந்தத் தெரு சார்?"

"சேரின்னு போட்டுக்கோ."

"நீங்க சேரியா சார்?"

தேசிகனின் முகம் கறுத்தது. "பாரு பொண்ணே, இதெல்லாம் நோக்குப் புரியாது. தெரு பேர் எழுதினா நாளைக்கு இவளுக்கு வரன் வராது. இவளுக்கு மட்டுமா, இவளோட அக்காவுக்கும் வராது."

"அப்போ பேர் வேணாம் சார். பொண்ணா, புள்ளையா, வயசு இன்னா, எதுவும் எழுதல. கணக்குக்கு அதெல்லாம் வேணாம். சன்னதித் தெரு, ஒண்ணு. அவ்ளோதான்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். யார் யாரிடமோ பேரம் பேசிப் பழகின குரல். "நான் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிண்டுடறேன். உங்க ஜனங்களோட கொழந்தைகள் நாளைக்கே ஸ்கூலுக்கு வரட்டும். நீ சேரின்னு மட்டும் எழுதிடு. என்ன சொல்றே?"

ரெபேக்காள் ஒரு கணம் தடுமாறித்தான் போனாள். நாற்பது பிள்ளைகள், நாளைக்கே. ஒரு வார்த்தை எழுதினால் போதும். பாப்பா மணலில் கிறுக்குவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் இப்படிக் கொடுக்கிற தைரியம் இவருக்கு எதிலிருந்து வருகிறது? நாளைக்குக் கொடுத்ததை அடுத்த வருஷம் அதே கணக்கைக் காட்டி எடுத்துக்கொள்ளலாம் என்பதிலிருந்துதானே! சேரிக் கணக்கில் இன்னொன்று கூடியிருக்கும், சைபர் அப்படியே இருக்கும்.

"வாபஸ் வாங்க வேணாம் சார்" என்றாள். "உங்க விண்ணப்பம் ஒரு சைபர் மேல நிக்குது. அந்தச் சைபரே பொய்ன்னு ஆனா விண்ணப்பம் தானா வுழும். எங்க புள்ளைங்க ஸ்கூலுக்குப் போறதுக்கு நீங்க எதுக்கு சார் கைமாறு கேக்கறீங்க? அது இன்னா உங்க வூட்டுச் சொத்தா?"

எழுதினாள். சன்னதித் தெரு, ஒன்று. எழுதினதை அவர் பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.

"டாக்டர் கேட்டது இந்த ஒண்ணுதான். வியாழக்கிழமை உங்க தெருவுக்கு ஆள் வரும். இந்தத் தடவை வாசல்ல நிக்க மாட்டாங்க."

தேசிகன் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தார். பெண் நகரவில்லை. ரெபேக்காளை டீச்சர் என்று நினைத்ததோ என்னவோ, "டீச்சர், நான் ஸ்கூலுக்குப் போலாமா?" என்று கேட்டது.

"தாராளமா போ கண்ணு. இந்த மாதிரித் தேமல் யாருக்கும் ஒட்டாது. மாத்திரையை மட்டும் விடாம சாப்பிடு."

கொட்டகை ஓரத்தில் நின்ற ஆராயி விளக்குமாற்றைக் கீழே போட்டாள். அவள் சன்னதித் தெருக்காரர் யாரிடமும் அதுவரை எதிர்க்கேள்வி கேட்டதில்லை. பாப்பாவின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளி நிறுத்தினாள்.

"சாமி, எம் பொண்ணு மேல ஒரு தேமலும் கிடையாது. நர்சம்மா மேலயும் கீயயும் பாத்துட்டாங்க. அது மூணு வாரமா வூட்ல குந்திகினு கீது. ஒங்க பொண்ணு தெனம் ஸ்கூலுக்குப் போவுது. ஏன் சாமி?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் தேசிகன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.