செண்பகத்தோப்பில் கயிறு பிடித்தவர்கள்

மதுரையில் காலை ஆறு மணிக்கு பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒன்பது ரூபாய் டிக்கெட். எழுபத்தைந்து கிலோமீட்டரும் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தார். என் பையில் கருவாடு இருந்தது; மணக்கத்தானே செய்யும்!

கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கும் குடும்பம் எங்களுடையது. எண்பதுகளின் கடைசி அது. எங்கள் கடலின் தீவுகளையும் பவளப் பாறைகளையும் காக்கப் போகிறார்கள் என்று கரையெல்லாம் ஒரே பேச்சு. காக்கட்டும், நல்லதுதான். எங்களை வெளியே தள்ளிவிட்டுக் காப்பார்களோ என்பதுதான் பயம். ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய செண்பகத்தோப்பில் சாம்பல் அணிலுக்குச் சரணாலயம் வருகிறதாம், அங்குள்ள மலைவாசிகளான பளியர்கள் காவலில் தங்களுக்கும் பங்கு கேட்டுக் கூட்டம் போடுகிறார்களாம் என்று கேள்விப்பட்டு, ஊரார் அதைப் பார்த்துவர என்னை அனுப்பினார்கள்.

பஸ் நிலையத்தில் காசிம் பாய் காத்திருந்தார். பளியர்களிடம் தேன் வாங்கி விற்கும் கடைக்காரர்.

"கடக்கரையில இருந்தா வாரிய? மொதல்ல ரெண்டு இட்லி சாப்பிடுங்க. பொறவு மலைக்குப் போவோம்" என்றார். கருவாட்டைக் கொடுத்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

எட்டு கிலோமீட்டர், அவருடைய மொபெட்டில். பத்து மணிக்கு மலையடிவாரம். அங்கிருந்து ஏறிப்போனால், தேனடைகள் தொங்கும் பாறையின் உச்சியில் சடையன் என்ற பளியர் இடுப்பில் கொடிக்கயிற்றைக் கட்டி இறங்கத் தயாராக நின்றார். கயிற்றைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"அய்யய்யோ, விடுங்கண்ணே!" என்று கத்தினாள் அவர் மனைவி முருகாயி. "இவரு தொங்கையில என் அண்ணன்தான் கயிறு பிடிக்கணும். கூடப்பொறந்தவள விதவையாக்க எவனுக்கு மனசு வரும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் தங்கை புருஷன் சங்கு குளிக்க மூழ்கும்போது தோணியில் கயிறு பிடிப்பவன் நான்தான்! அதைச் சொன்னதும் முருகாயியின் அண்ணன் வீரன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "அப்ப நீங்களும் நம்மாளுதான்" என்றார்.

மூன்று மணிக்குப் புளியமரத்தடியில் கூட்டம். ராஜபாளையத்திலிருந்து மில் தொழிலாளர்கள் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்திருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்காரர்கள், விவசாயிகள் என்று நல்ல கூட்டம். வந்திருந்த வனத்துறை அதிகாரி தன்மையானவர்தான். ஆனால், "காட்டைக் காக்க எங்க ஆளுங்க போதும். நீங்க கீழ வந்து நிம்மதியா குடியிருங்க" என்றார்.

முருகாயி எழுந்தாள்.

"அய்யா, அணிலக் காப்பாத்தணும்னு நாங்களும்தான் சொல்லுதோம். ஆனா இந்தக் காடு பாறையில தொங்குத மனுசன் மாதிரி. விழுந்தா தன் வீடு அழியும்னு பயப்படுதவன்தான் கயிறு பிடிக்கணும். நீங்க மாறுதல்ல போயிருவிய. நாங்க எங்க போவோம்? நீங்களும் பிடிங்க, வேண்டாங்கல. எங்க கையையும் எடுக்கச் சொல்லாதிய."

ஒரு மில் தொழிலாளிப் பெண், "எங்க ஊருக்குத் தண்ணி இந்த மலையில இருந்துதான் வருது. இவிய இங்கன இருந்தாத்தான் எங்களுக்குத் தைரியம்" என்றாள். காசிம் பாய் கையைத் தூக்கினார். நான் தூக்கினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே புளியமரத்தடி முழுக்கக் கைகள். அதிகாரி கைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "சரிம்மா. காவல்ல உங்களுக்கும் பங்கு வேணும்னு மேலே எழுதுறேன். இத்தனை பேர் கேட்டாங்கன்னும் எழுதுறேன்" என்றார்.

எழுதியதும் எல்லாம் நடந்துவிடாது என்று எங்களுக்குத் தெரியாதா? ஆனாலும் அன்று யாரும் தலை குனிந்து வீட்டுக்குப் போகவில்லை.

மறுநாள் காலை விடைபெறப் போனபோது சடையன் மறுபடியும் பாறை உச்சியில் நின்றார். முருகாயி கயிற்றை என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்கண்ணே, பிடிங்க."

வீரன் சிரித்துக்கொண்டே எனக்குப் பின்னால் போய்க் கயிற்றின் நுனியைப் பிடித்தார். எத்தனையோ தடவை கடலில் கயிறு பிடித்தவன்தான்; அன்றைக்குப்போல் இறுக்கிப் பிடித்ததில்லை. சடையன் தேனோடு மேலே வந்து சேரும்வரை நான் மூச்சுவிடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் என் உள்ளங்கையில் கொடிக்கயிற்றின் பச்சை வாசம். ஊரில் என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் கடலுக்கும் காவல் வரட்டும். கயிற்றில் எங்கள் கையும் இருக்கும்.