காத்திருக்காத பெண்ணைத் தேடி அலவத்துகொடவுக்கு

காலை எட்டரை மணிக்குக் கண்டியில் மாத்தளை பஸ்ஸில் ஏறினேன். சீட்டு ஐந்து ரூபா. பையில் அடையாள அட்டை, குறிப்பெழுத ஒரு கொப்பி, மேலே ஜப்பானிய எழுத்து எழுதிய ஒரு வீடியோ கசற். தொண்ணூறுகளின் தொடக்கம், போர்க்காலம் அது. யாழ்ப்பாணத்துப் பெயருள்ள ஒருவன், யாராலும் வாசிக்க முடியாத ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு திரிவதற்கு உகந்த காலம் அல்ல. என்ன செய்வது, ஆய்வேடு கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு. ஜப்பானியப் புதிய அலைச் சினிமாதான் என் விஷயம். அறுபதுகளில் அந்நாட்டு இளம் இயக்குநர்கள் பெரியவர்களின் பாணியை உதறிவிட்டு எடுத்த படங்கள். பழைய படங்களில் பெண்கள் காத்திருப்பார்கள், போருக்குப் போன மகனுக்காக, ஊர்விட்டுப் போன கணவனுக்காக. புதிய அலைப் பெண்கள் காத்திருக்க மாட்டார்கள். இதுதான் என் வாதம். எழுபது பக்கம் எழுதி முடித்து, பெரிய மேதாவி போல உலாவிக்கொண்டிருந்தபோது விரிவுரையாளர் இந்தக் கசற்றை மேசையில் வைத்தார்.

"கடைசிக் காட்சியில பெடியன் வீட்டை விட்டுப் போகப்போறான். அவள் காத்திருப்பன் எண்டு சொல்லுறாளோ, மாட்டன் எண்டு சொல்லுறாளோ? அது தெரியாமல் நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

கசற்றில் படத்துக்கு அடியில் மொழிபெயர்ப்பு வரிகள் கிடையாது. அதைவிடக் கொடுமை, ஜப்பானில் பதிந்த கசற் நம் நாட்டு மெஷின்களில் ஓடாது. மெஷினும் மொழியும் ஒரே வீட்டில் இருக்கும் இடம் அலவத்துகொட என்றார்கள். ஜப்பானில் தொழிற்சாலை வேலை செய்துவிட்டு வந்து, பழைய வாகன உதிரிப்பாகம் விற்பவர் ஒருவர் அங்கே இருந்தார். முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள்; ஊரே அவரை ஜப்பான் நானா என்றுதான் கூப்பிட்டது.

ஒன்பது மணியளவில் கட்டுகஸ்தோட்டைப் பாலம். எல்லோரும் இறங்கி, வரிசையாக நடந்து, அட்டையைக் காட்ட வேண்டும். கசற்றைக் கண்ட சிப்பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஜப்பான் படம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். கராத்தே இருக்கிறதா என்று கேட்டான். இல்லை, கதைத்துக்கொண்டே இருப்பார்கள் என்றேன். இதற்காகவா இவ்வளவு தூரம் போகிறாய் என்பது போலப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். அக்குறணை ஊரைத் தாண்டும் வரை கசற்றைப் பையின் அடியில் வைத்திருந்தேன்.

இந்த வீதியிலேயே இறங்காமல் இருந்தால் யாழ்ப்பாணம் போய்விடலாம். மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, பிறகு எங்கள் ஊர். சுமார் இருநூறு மைல். அப்போது அது வரைபடத்தில் மட்டும் முழுதாக இருந்த வீதி. நான் பத்து மைல் சொச்சத்தில் இறங்கிக்கொண்டேன்.

ஜப்பான் நானாவின் வீட்டு வாசலில் என்ஜின்கள் குவிந்து கிடந்தன. ஐம்பது வயது, நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். "வாங்கொ தம்பி, வாங்கொ! படம் எங்கயும் ஓடிப்போகாது. மொதல்ல தின்னுங்கொ," என்றார். இடியப்பமும் கோழிக்கறியும் வந்தன. திரைச்சேலைக்கு அப்பாலிருந்து அவருடைய மனைவி, நான் ராத்தா, அதாவது அக்கா, என்று அழைத்தவர், பேசினார்.

"தம்பி யாழ்ப்பாணமா? ஒங்கட பக்கத்தால வாற ஆக்கள் ஏதும் சொல்றல்லயா?"

ராத்தாவின் தம்பி சாரத்துணி விற்கக் கிழக்குப் பக்கம் போனவராம். இரண்டு நோன்புப் பெருநாள் கழிந்தும் திரும்பவில்லை. நான் வடக்கு, அவர் போனது கிழக்கு. ஆனாலும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "விசாரிச்சுப் பாக்கிறன் ராத்தா," என்றேன்.

பத்தரைக்குப் படம் தொடங்கியது. தொலைக்காட்சியும் ஜப்பானிலிருந்து வந்ததுதான். அதற்கு நம் மின்சாரம் அதிகம் என்று நடுவே ஒரு ட்ரான்ஸ்போமர் பெட்டி கிடந்து உறுமியது. லேசாக விலக்கிய திரைச்சேலைக்குப் பின்னால் ராத்தாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரும் அமர்ந்தார்கள். நானா சத்தமாகத் தமிழாக்கம் செய்தார். மாணவர்கள் புரட்சி பேசிய இடங்களில், "பெரிய கதயெல்லாம் கதைக்கிறானுகள், ஒருத்தனும் வேலைக்குப் போறல்ல," என்று தன் கருத்தையும் சேர்த்துக்கொண்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினேன்.

சிக்கல் எங்கே என்றால், ஆணும் பெண்ணும் கொஞ்சம் நெருங்கினாலே நானாவின் கை றிமோட்டுக்குப் போய்விடும். ஹிந்திப் படங்களில் பழகிய கை. படம் பறக்கும், அவர்கள் விலகியதும் நிதானமாகும். கடைசிக் காட்சி வந்தது. சிறிய அறை, ஒரு மெத்தை, சட்டையில்லாத பையன். படம் பறந்தது. நான் தேடி வந்த பெண் வாயை அசைத்து அசைத்து, ஒரு சத்தமும் இல்லாமல், ஐந்தே விநாடியில் முடிந்துபோனாள்.

"நானா! அதுதான் எனக்கு வேணும்!"

"பொம்புளையள் ஈக்கிறாங்க தம்பி. ஏலா."

நான் கெஞ்சினேன். எழுபது பக்கம், கையெழுத்து, பட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். நானா அசையவில்லை. உள்ளேயிருந்து ராத்தாதான் வழி சொன்னார். "படத்த மூடுங்கொ. சத்தம் மட்டும் கேட்டாப் போதும்தானே?"

மேசை விரிப்பொன்று வந்தது, ரோஜாப்பூப் போட்டது. நானா அதைத் தொலைக்காட்சிக்குப் போர்த்தி, கசற்றைப் பின்னால் சுற்றினார். புரட்சிகரமான அந்தக் காட்சியை நாங்கள் எல்லோரும் ரோஜாப்பூவைப் பார்த்தபடி கேட்டோம். பையன் பேசினான். பிறகு அந்தப் பெண், தாழ்ந்த குரலில், அவசரமே இல்லாமல் சில வார்த்தைகள் சொன்னாள்.

நானா விரிப்பின் ஓரத்தை இழுத்து நேராக்கினார்.

"அவ என்ன சொல்றா?" என்று ராத்தா கேட்டார்.

நானா திரைச்சேலையைப் பார்த்தார். "காத்திருப்பன் எண்டு சொல்றா. எத்தன வருஷம் போனாலும் சரி, கதவத் தெறந்து வெச்சிக்கிட்டு காத்திருப்பன் எண்டு."

உள்ளே யாரோ பெருமூச்சு விட்டார்கள். நான் கொப்பியை மூடினேன். எழுபது பக்கமும் போயிற்று. என்றாலும் திரைச்சேலைப் பக்கம் பார்த்தபோது அந்தப் பெண் அப்படிச் சொன்னதே நல்லது என்றும் தோன்றியது.

நாலு மணிக்குப் புறப்பட்டேன். மாலையில் சோதனை கெடுபிடியாக இருக்கும் என்று நானா சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். பாலத்தில் அவருடைய சிங்களம்தான் என்னைச் சோதனை தாண்ட வைத்தது. பஸ்ஸில் மீண்டும் உட்கார்ந்ததும் காதருகே குனிந்தார்.

"தம்பி, நீங்க படிப்புக்கு எழுதுறீங்க, அதில பொய் வரக்கூடா. அவ காத்திருப்பன் எண்டு சொல்லல்ல. 'நீ போனா மௌத்து, செத்துட்ட எண்டு நெனச்சிக்குவன், கதவப் பூட்டிட்டுப் படுத்துக்குவன்.' அதான் சொன்ன."

எனக்குச் சந்தோஷத்தில் எழுந்து நிற்க வேண்டும் போலிருந்தது. என் பெண் காத்திருக்கவில்லை! அடுத்த நொடியே விஷயம் விளங்கியது. "ராத்தாவுக்காக மாத்திச் சொன்னீங்கள், என்ன?"

"ஓ."

"நல்ல காலம், அவவுக்கு ஜப்பான் பாஷை தெரியாது."

"யாரு சொன்ன தெரியா எண்டு?" நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். "மூணு வருஷம் என்னோட அங்க ஈந்தவ. கடைக்காரன், வீட்டுக்காரி எல்லாரோடயும் கதச்சது அவதான். என்னெய விட நல்லாத் தெரியும்."

"அப்ப ஏன் உங்களிட்டக் கேட்டவ?"

நானா வெளியே பார்த்தார். மகாவலிக் கரையில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அந்தப் புள்ள சொன்னது அவக்கு வெளங்கிச்சி தம்பி. நான் என்ன சொல்றேன் எண்டு பாக்கத்தான் கேட்டா."

கண்டியில் இறங்கியதும் எதிர்ப்பக்கம் புறப்பட்டுக்கொண்டிருந்த மாத்தளை பஸ்ஸைக் கண்டு நானா ஓடினார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாமே என்று கத்தினேன். மிதிபலகையில் தொற்றியபடி கையை ஆட்டினார்.

"ஏலா தம்பி. நான் போற வரைக்கும் அவ வாசல்லயே நிப்பா."