கிராம் பிசகாத கை

ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்குத் தீனி பிசைந்து பத்தொன்பது வருஷம் ஆனதால் அவருக்கு எலிக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இடது வரிசைக் கூண்டுகளுக்கு மீனெண்ணெய்த் தீனி, வலது வரிசைக்குப் பன்றிக்கொழுப்புத் தீனி. மீனெண்ணெய் உடம்புக்குள் ஹார்மோன் மாதிரியான ஒரு பொருளாக மாறி, தேங்கிய கொழுப்பை எரிக்கச் சொல்லி உத்தரவு போடும் என்பது ஆராய்ச்சியை நடத்தும் மேடத்தின் நம்பிக்கை. நாலு மாதம் கழித்து எலிகளின் கொழுப்பை நிறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எலிக்காரரின் மனைவிக்கு வந்ததும் கொழுப்பு வியாதிதான். கைகால் குச்சியாகிவிட்டது, அங்கே தங்க வேண்டிய கொழுப்பெல்லாம் ஈரலில் போய்க் குந்திக்கொண்டது. "வாயில மட்டும் இருந்த கொழுப்பு இப்ப ஈரலுக்கும் வந்துடுச்சு" என்று அவளே சிரிப்பாள். ஆறேழு மாதம் தாங்கலாம் என்று மருத்துவர் கையை விரித்துவிட்டார்.

பாவி மனுஷன் சும்மா இருப்பாரா? மீனெண்ணெயில் ஒரு குப்பி வீட்டுக்கு வந்தது. அப்புறம் இரண்டு. கடைசியில் இடது வரிசைத் தீனியில் மிஞ்சியது வாசனை மட்டுந்தான். குறைந்த எடைக்குச் சரியாகப் பன்றிக்கொழுப்பைப் போட்டுப் பிசைந்தார். ஒரு கிராம் பிசகவில்லை என்று பெருமை வேறு! மனைவி தினமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். வயிறு மட்டும் வீங்கிக்கொண்டே போனது.

நிறுத்துப் பார்த்த அன்று மேடம் அவரைக் கூப்பிட்டார்.

"ரெண்டு பக்கமும் ஒரே எடை அண்ணே. இத்தோட மூட்டை கட்ட வேண்டியதுதான். நல்லபடியா வந்திருந்தா அந்தப் பொருளைப் பிரிச்சு நோயாளிங்களுக்குக் கொடுத்துப் பாக்கறதா இருந்தோம். மொதப் பேரே உங்க வீட்டம்மா பேருதான்."

எலிக்காரருக்கு மறைக்கத் தெரியவில்லை. குப்பியிலிருந்து பன்றிக்கொழுப்பு வரை அத்தனையையும் கொட்டிவிட்டார். மேடம் திட்டியிருந்தாலாவது தேவலை. மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறுபடி மொதல்லேருந்து எலி வளர்த்துப் பாக்க ஒரு வருஷம் ஆகும் அண்ணே."

"ஒரு வருஷமா, மேடம்?"

மேடம் எடைத் தாளை மடித்து வைத்தார்.

வீட்டில் மனைவி தலையணையில் சாய்ந்து, வழக்கம்போல மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். அவர் வெறுங்கையோடு நின்றார்.

"இன்னிக்கு எண்ணெய் இல்லையா?"

"இல்லை. இனிமே இல்லை."

"அப்பாடா, தப்பிச்சேன்!" என்றாள்.